உள்ளங்கை அளவு ஐஸ்

தையல்காரம்மா வீட்டில் ஃப்ரிட்ஜைக் கழுவுவது எப்போதும் அவர் கணவரின் வேலை. மர அறுவை மில்லில் சுண்டுவிரலில் பாதியைப் பறிகொடுத்த மனிதர். ஐஸைக் கத்தியால் சுரண்ட விடமாட்டார்; குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும் என்பார். சுவிட்சை அணைத்து, உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்து, ஐஸின்மேல் உள்ளங்கையை ஒட்டிக்கொண்டு பொறுமையாக நிற்பார். பாளம் பாளமாகக் கழன்று வரும். "ஒன்னவிட இது சீக்கிரம் எறங்கி வருதுடி" என்று கேலி வேறு. கடைசியாக அப்படிச் சுத்தமாகத் துடைத்து வைத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதன்பின் அந்தம்மா ஃப்ரீஸரைத் தொடவில்லை. ஐஸ் வளர்ந்து, உள்கதவு மூடாமல் போயிற்று. பட்டப்பகலில் உள்ளேயிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்கும். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். அதுவும் நின்றுவிடும்.

மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். "இதக்கூட கழுவ முடியலன்னா தனியா எப்பிடிம்மா இருப்ப? சாயங்காலம் வேலை முடிஞ்சு வருவேன். ஃப்ரிட்ஜ் பளிச்சுன்னு இருந்தா நீ இங்கயே இரு. இல்லன்னா பேசாம எங்கூட கெளம்பு."

"மாமியார் மாதிரி மெரட்டுறியே!"

"ஒனக்கு வாய்க்காத மாமியார் நாந்தான்னு வச்சுக்கோ."

அந்த வீட்டை விட்டுப் போவதை அந்தம்மாவால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. அன்றே சுவிட்சை அணைத்தார். தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தார். கதவு ரப்பரின் மடிப்புகளைப் பழைய பிரஷால் தேய்த்தார். வெந்நீர்க் கிண்ணத்தை மூன்று முறை மாற்றியதில் ஐஸ் எல்லாம் கழன்று விழுந்தது, பின்சுவரில் ஒரு கட்டியைத் தவிர.

துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு கை. யாரோ அழுத்திய தடமாக இருந்தால் குழிந்திருக்க வேண்டும். இது புடைத்திருந்தது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நீட்டியதுபோல். சுண்டுவிரல் மட்டும் பாதி.

இந்த ஐஸ் முழுக்க அவர் போன பிறகு வளர்ந்தது.

கிண்ணத்து நீர் ஆறிவிட்டது. அந்தம்மா வேறு நீர் சுடவைக்கவில்லை. கரைத்தால் இந்த வீட்டில் இருக்கலாம். கரைத்துவிட்டு யாரோடு இருப்பது?

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். "அம்மா, முடிஞ்சுதா?"

"இதோ" என்றவர், தன் வலக்கையை அதன்மேல் வைத்தார். ஐஸின் குளிர்ச்சி அதில் இல்லை. விரல்களுக்கிடையே விரல்கள் பொருந்தின. ஒரு கணம் இறுகின. பிறகு தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

மகள் வந்து தட்டு தட்டாகப் பார்த்தாள். விரலால் சுவரைத் தடவினாள். "அடேயப்பா! சரி, நீ ஜெயிச்சுட்ட. இங்கயே இரு, போ."

"வேண்டாம்டி. நான் ஒங்கூடவே வந்துடறேன்."

அந்தம்மா இடக்கையாலேயே புடவைகளை எடுத்துப் பையில் வைத்தார்.

"அந்தக் கைய எதுக்கும்மா இப்பிடி மூடி வச்சிருக்க? வலிக்குதா? காட்டு."

"வலியெல்லாம் இல்ல. நீ பைய எடு" என்றார் அந்தம்மா, விரல்களைத் திறக்காமல்.