அக்கா வாங்கிய இரண்டு வீடுகள்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்காவின் முதலாண்டு நினைவாக வரும் இந்த மலரின் முதல் பக்கத்தில் இருக்கும் படம், பென்ஷன் விண்ணப்பத்துக்காக அக்கா எடுத்துக்கொண்ட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பெரிதாக்கியதில் கொஞ்சம் மங்கிவிட்டது. வேறு நல்ல படத்துக்காக வீட்டில் இருந்த ஆல்பங்களை எல்லாம் புரட்டினேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வளைகாப்பு என்று எல்லாவற்றிலும் நாம் அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். அக்கா மட்டும் ஓரத்தில் பாதி முகமாக இருக்கிறார், இல்லையென்றால் படத்திலேயே இல்லை. இத்தனைக்கும் அவர் வராத விசேஷம் நம் குடும்பத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

நினைவு மலர் என்றால் "பொறுமையின் இருப்பிடம், அன்பின் ஊற்று" என்று எழுதுவது வழக்கம். நானும் அப்படியே நான்கு பக்கம் எழுதி அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்த் திரும்ப வாங்கி வந்தேன். அக்காவின் பொறுமையைப் புகழ்வதற்கு முன்னால், அந்தப் பொறுமையால் யாருக்கு வசதியாக இருந்தது என்று சொல்ல வேண்டும். எனக்குத்தான் வசதியாக இருந்தது.

அக்கா சமயநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். பத்தொன்பது வயதில் கல்யாணம். மூன்றாம் வருஷம் மச்சான் லாரி விபத்தில் போய்விட்டார். குழந்தை இல்லை. எங்கள் அப்பா படிக்காதவர்தான், ஆனால் மகளை மூலையில் உட்காரவைக்கவில்லை. டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்த்துவிட்டார். அதன்பிறகு மதுரையில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை கணக்கு டீச்சர். இன்று டாக்டராகவும் இன்ஜினியராகவும் இருக்கும் பலர் அவரிடம் தலையில் குட்டு வாங்கியவர்கள். நானும் வாங்கியிருக்கிறேன். என் காலேஜ் படிப்பு அக்காவின் சம்பளத்தில் நடந்தது. எனக்கு வேலை தேடிக் கொடுத்ததும், பெண் பார்த்ததும், என் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியதும் அக்காதான். எங்களோடு சமயநல்லூர் வீட்டில்தான் இருந்தார்.

ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் விளாங்குடியில் மாடி வீடு ஒன்றை வாங்கினார். மாடியை வாடகைக்கு விட்டு, கீழே தானே குடியிருப்பதாகத்தான் முதலில் பேச்சு. கீழே ஹாலில் புத்தகம் வைக்க ஒரு அலமாரிகூட அடிக்கச் சொல்லியிருந்தார். அறுபது வயதை நெருங்குகிற நேரத்தில், வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் பெயரில் ஒரு வீடு. மேஸ்திரியோடு நின்று சுவருக்குச் சுவர் தட்டிப் பார்த்து, "இது உள்ள காலியா இருக்குற மாதிரி சத்தம் கேக்குதே தம்பி, பூசினவன் தூங்கிட்டுப் பூசினானா?" என்று அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்.

கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தோம். பத்திரம் அக்காவின் பெயரில் இருந்தது. பத்திரிகையில் "எங்கள் புதிய இல்லம்" என்று தொடங்கி, கீழே என் பெயரும் என் மனைவியின் பெயரும் இருந்தன. அப்படித்தானே போடுவார்கள் என்று போட்டேன். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அக்காவிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். வேறு எதையும் அவர் தொடவில்லை.

முகூர்த்தத்தன்று விடியற்காலை, பசுவும் கன்றும் உள்ளே வந்து போன பிறகு, சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டேய், அடுப்பு பத்த வைக்கிற நேரத்துல அவ முன்னால நிக்க வேணாம்டா. புருசன் பொண்டாட்டி நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க. நல்ல காரியம் பாரு" என்றார். சித்தப்பாவின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துவிடலாம். ஆனால் அவர் சொல்லத்தான் செய்தார், செய்து முடித்தவன் நான். அதையும் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"அக்கா, பின்னால சமையல்காரங்க மட்டும் தனியா கெடக்காங்க. நீ கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்கிறியா?" என்றேன்.

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு விடையை மட்டும் சரியாக எழுதிய பையனைப் பார்ப்பது போன்ற பார்வை. "சரிடா தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவிதான் பால் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு டம்ளரில் பாலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஈரத்துணியால் வாழை இலைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார் அக்கா.

"பொங்கிருச்சா?"

"பொங்கிருச்சுக்கா. கிழக்க பாத்து."

"நல்லது" என்று அடுத்த இலையை எடுத்தார். தன் வீட்டில் பால் பொங்கியதா என்று வீட்டுக்காரி அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. சாயங்காலம் என் மனைவிதான், "மதினி சொந்தமா வாங்கின வீடு. நான் போய் அடுப்பு பத்த வச்சது எனக்கே நல்லா இல்லங்க" என்றாள். "சும்மா இரு, அக்கா அதெல்லாம் நினைக்காது" என்று அவள் வாயை அடைத்தேன். எட்டு வயதிலிருந்து எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவரின் மனசை, கேட்காமலே படித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அடுத்த வாரம் அக்கா சொன்னார்: "தம்பி, கீழ் வீட்டையும் சேர்த்து வாடகைக்கு விட்டுருவோம். எனக்குச் சமயநல்லூரே போதும்." நான் ஏன் என்று கேட்கவில்லை. வாடகை கூடுதலாக வருமே என்றுதான் யோசித்தேன்.

முதலில் குடிவர வந்தவர் கணவரை இழந்த ஒரு பெண், இரண்டு மகள்களோடு. புது வீட்டுக்கு முதல் குடித்தனமே இப்படி வேண்டுமா என்று முனகினேன். "வாடகைப் பணம் என்ன, பொட்டு வச்சுக்கிட்டா வரப்போகுது?" என்று கேட்டுவிட்டுச் சாவியை அவரிடமே கொடுத்தார் அக்கா. கொடுக்கும்போது, "நீங்களே பால் காய்ச்சிக் குடிவாங்க. யாரையும் தேட வேணாம்" என்றார். அந்தப் பெண் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் அக்காவுக்கு எவ்வளவு இரக்க குணம் என்று பெருமையாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

நான்கு வருஷம் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அழகர்கோவில் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கியிருக்கேன் தம்பி. லீவு நாளைக்குப் போய் இருக்கலாம்னு" என்றார்.

"எப்பக்கா?"

"போன மாசம்."

"பால் காய்ச்சணுமே? நாள் பாக்கணும்ல?"

"அதெல்லாம் ஆச்சு."

தட்டைத் தள்ளி வைத்தேன். "எங்களக் கூப்பிடவே இல்லை?"

"சின்ன வீடு. அம்புட்டுப் பேரு கொள்ளாது" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! கூடப் பிறந்தவனுக்குச் சொல்லாமல் ஒரு வீடா, அதற்குப் பால் காய்ச்சலா? "ரிட்டயர்டு ஆனவளுக்கு லீவு என்ன லீவு? கையில் காசு வந்ததும் அக்கா மாறிவிட்டது" என்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலரிடமே புலம்பியிருக்கிறேன். முறையாகக் கூப்பிட்டால் ஒழிய அந்த வாசலை மிதிப்பதில்லை என்று வைராக்கியம் வைத்தேன். அக்கா கூப்பிடவில்லை. ஆறு வருஷம் நான் போகவும் இல்லை.

அக்கா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பையில் இரண்டு சேலையும் புத்தகமும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "அழகர் வருஷத்துக்கு ஒருக்கா மலையை விட்டு மதுரைக்கு வாராரு. நான் வாரத்துக்கு ஒருக்கா அவரப் பாக்கப் போறேன்" என்று என் பிள்ளைகளிடம் சிரிப்பார். திங்கட்கிழமை திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தங்கை கல்யாணத்துக்கு நேரத்துக்கு வந்துசேர முடியாமல் கோபத்தில் ஆற்றோடு திரும்பிய அண்ணன் கதை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த அழகருக்காவது கோபப்பட ஒரு நியாயம் இருந்தது.

இடையில் என் மனைவி காலமானாள். மறுவருஷம் என் மகன் வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்தில் நான்தான் முன்னால் நின்று எல்லாரையும் வரவேற்றேன். என் கையால்தான் முதல் விளக்கை ஏற்றச் சொன்னார்கள். பெண்டாட்டியை இழந்தவன் தள்ளி நில் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவைத் தேடியபோது, யாரும் சொல்லாமலே சமையல் பக்கம் போய் இலை துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன வருஷம் அக்காவுக்குக் கல்லீரலில் கட்டி இருப்பது தெரிந்தது. முற்றிய பிறகுதான் தெரிந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தவர் ஒருநாள் காலையில் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். "அழகர்கோவில் வீட்டுல மோட்டார் சுவிட்சை அணைச்சேனான்னு சந்தேகமா இருக்கு. போய்ப் பாத்துட்டு வா தம்பி."

அந்த வீட்டுக்கு எனக்குக் கிடைத்த அழைப்பு அது ஒன்றுதான்.

ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. ஜன்னலைத் திறந்தால் மலை. ஒரு கட்டில், ஒரே ஒரு நாற்காலி. விளாங்குடி வீட்டுக்காக அடிக்கச் சொன்ன அதே அளவில் ஒரு புத்தக அலமாரி. மோட்டார் அணைந்துதான் இருந்தது. கதவு திறந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். கழுத்தில், நெற்றியில் ஒன்றும் இல்லை.

"டீச்சர் தம்பியா? வாங்கண்ணே. டீச்சர் எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு அவராகவே பேசிக்கொண்டு போனார். "இந்த வீட்டுல பால் காய்ச்சின அன்னைக்கு எங்க நாலு பேரத்தான் கூப்பிட்டாங்க. நாலு பேரும் தாலி அறுத்தவளுக. எங்கள எதுக்கு டீச்சர் கூப்பிடுறீங்கன்னு கேட்டேன். அதுக்காகத்தான் கூப்பிடுறேன்னாங்க. அடுப்ப அவுகளே பத்த வச்சாங்க. எங்க ஒவ்வொருத்தி கையாலயும் கொஞ்சம் கொஞ்சம் பால ஊத்தச் சொன்னாங்க. பொங்கி வரயில குலவை போட்டோம்ணே. எங்களுக்கெல்லாம் குலவை மறந்தே போச்சு. டீச்சர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"நாங்க வரலையான்னு கேட்டீங்களா?" என்றேன்.

அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார். "கேட்டேன். எந்தம்பி நல்லவன்தான், ஆனா வந்தான்னா பால் காய்ச்ச ஆளையும் சேத்துக் கூட்டிட்டு வருவான்னாங்க."

அந்த ஒரே நாற்காலியில் உட்கார எனக்குக் கூசியது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மருத்துவமனைக்குத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"மோட்டார் ஆஃப்லதான் இருந்துச்சுக்கா."

"சரி."

"பக்கத்து வீட்டம்மா விசாரிச்சாங்க."

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பேசினாளா?"

"பேசினாங்க."

"நல்லாப் பேசுவா" என்றார். பிறகு காத்திருந்தார். காத்திருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். "காப்பி வாங்கிட்டு வரட்டுமாக்கா?" என்றேன்.

"வாங்கிட்டு வா" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான்காம் நாள் போய்விட்டார்.

கொள்ளி வைத்ததும் பதினாறாம் நாள் காரியம் செய்ததும் நான்தான். அதற்கெல்லாம் என்னை முன்னால் நிறுத்தினார்கள். உயிலில் விளாங்குடி வீட்டை என் மகளுக்கு எழுதியிருந்தார். அழகர்கோவில் வீடு "என் தம்பிக்கு" என்று ஒரு வரி. காரணம் ஒன்றும் எழுதவில்லை. மன்னித்துவிட்டுக் கொடுத்தாரா, புரிந்துகொள் என்று கொடுத்தாரா, தெரியவில்லை. ஒரு வருஷமாக யோசிக்கிறேன், தெரியவில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஒருநாள் தவறாமல் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்த விளாங்குடி வீட்டுக் குடித்தனக்காரப் பெண்ணுக்கும் அவர் மகள்களுக்கும், பெரியவர்களாகி வந்து வரிசையில் நின்று அழுத பழைய மாணவர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் எல்லாருக்கும் என் குடும்பத்தின் நன்றி. அழகர்கோவிலில் அக்காவுக்கு ஆறு வருஷம் உறவாக இருந்த நான்கு பெண்களுக்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

வீடு கைமாறினால் மறுபடி பால் காய்ச்ச வேண்டும் என்பது நம் வழக்கம். திதி முடிந்த மறுநாள் காலை அந்த வீட்டில் பால் காய்ச்சுகிறோம். சித்தப்பா, வயதானாலும் விடவில்லை. "நீ ஒத்த ஆளாப் போயிட்ட. மகனையும் மருமகளையும் உக்கார வச்சிரு" என்றார். "உக்கார ஆள் இருக்கு சித்தப்பா, நாலு பேர் இருக்காங்க" என்றேன்.

எல்லாரும் கட்டாயம் வாருங்கள். சின்ன வீடுதான், கொள்ளாவிட்டால் தெருவில் நிற்கலாம். குலவைச் சத்தம் கேட்டதும் யாராவது ஒருவர் பின்பக்கம் வந்து பால் பொங்கிவிட்டது என்று எனக்குச் சொல்லுங்கள். நான் அங்கேதான் இலை துடைத்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
தம்பி