குளிர்த்தித் தண்ணீர் தெளித்த சேறு

உசாந்திக்கு வாவிச் சேறு என்றால் உயிர். ஆய்வுகூடத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அதனால் அந்த நாற்றத்தில் பாதி எனக்கும் சொந்தம். மூக்கைப் பொத்தினால் கோபம் வந்துவிடும் அவளுக்கு. “இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் இருக்கு அக்கா. அதுகள் இருந்தாத்தான் நமக்கு இறாலும் மீனும்” என்பாள்.

அவள் வேலை இதுதான். ஆலைகளில் செய்கிற நானோ காபன் தூள், தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லியது, பற்றறி முதல் பெயின்ற் வரை சேர்கிறது. கழிவோடு வாவிக்கு வந்தால் அந்தச் சீவன்களுக்கு என்ன ஆகும்? சில போத்தல்களில் வெறும் சேறு, சிலவற்றில் தூள் கலந்த சேறு. இரண்டிலும் சீவன்கள் மூச்சாக விடுகிற வாயுவை அளந்து பார்ப்பாள்.

முதல் முறை எல்லாம் தாறுமாறாகப் போயிற்று. ஒரே வாளியில் அள்ளிய வெறும் சேறுகூட போத்தலுக்குப் போத்தல் வேறு கணக்குக் காட்டியது. “இன்னொருக்காப் பிழைச்சா நிப்பாட்டுவம்” என்றார் பேராசிரியர். உசாந்தி அன்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. எனக்கு மனம் கேட்கவில்லை.

பின்னேரம் அவளோடு தன்னாமுனையில் அவள் வீட்டுக்குப் போனேன். சேறு அள்ளித் தருவது அவள் கணவன் துசாந்தன், வாவியில் வலை வீசுகிறவன். முற்றத்தில் கிடந்த சேறு அள்ளும் வாளியின் விளிம்பில் மஞ்சள் கறை.

“இதென்ன?” என்றாள் உசாந்தி.

துசாந்தன் தலையைச் சொறிந்தான். “அம்மன்ட குளுத்தித் தண்ணி. தோணிக்கும் வலைக்கும் தெளிச்சன். உன்ட வேலையும் நல்லா வரட்டும் எண்டு சேத்துக்கும் தெளிச்சன்.”

கண்ணகி அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கின் தண்ணீர்! மஞ்சளும் வேப்பிலையும் ஊறியது. கிருமியை விரட்டத்தானே மஞ்சள். அது பட்ட சேற்றில் சீவன்கள் குறைந்திருக்கும், படாததில் இல்லை; போத்தலுக்குப் போத்தல் கணக்கு மாறியது அதனால்தான். நான் ஏச வாயெடுத்தேன். உசாந்தியோ சிரிக்கத் தொடங்கி, சிரிப்பிலேயே அழுதாள்.

“எனக்காக அம்மனிட்டப் போனவர் அக்கா. எப்படி ஏசுற?”

புது வாளியில் புதுச் சேறு வந்தது. இந்த முறை வெறும் சேறு எல்லாப் போத்தலிலும் ஒன்றுபோல மூச்சு விட்டது. தூள் அதிகம் கலந்தவற்றில் மட்டும் மூச்சு வெகுவாகக் குறைந்திருந்தது. பேராசிரியர் தொடரச் சொன்னார்.

துசாந்தனும் ஒருநாள் ஆய்வுகூடத்துக்குப் பார்க்க வந்தான். தூள் கலந்த போத்தலின் முன்னால் நின்றான்.

“இது நம்மட வாவிக்குள்ள வந்தா, திருப்பி எடுக்கேலுமா?”

“ஏலாது” என்றாள் உசாந்தி.

அவன் அந்தப் போத்தலை உள்ளங்கையால் மெல்லத் தொட்டான்.

“அப்ப வராமத்தான் பாக்கணும். இதுக்கு அம்மன்ட தண்ணியும் போதாது.”