வால் சாய்ந்த பக்கம்

என் மனைவியின் தம்பியைக் குடும்பத்தார் அத்தனை பேர் முன்னிலையிலும் பொய்யனாக்கினேன். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த வால் நட்சத்திரம் சென்னை வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. சூரியன் மறைந்ததும் மேற்கே சற்று நேரம் டெலஸ்கோப்புக்கு மட்டும் அகப்பட்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து நான் எடுத்த படம் மங்கல். அதை அனுப்புவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, கோபாலபுரத்தில் தன் வீட்டிலிருந்து மைத்துனர் எடுத்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அவ்வளவு தெளிவு. என்னுடையதில் பாதிகூட இல்லாத டெலஸ்கோப் அவருடையது. எனக்கு மேகம் மறைத்தது, அவருக்கு மட்டும் எப்படி விலகியது?

பெரிதாக்கிப் பார்த்தேன். என் படத்தில் வால் வலப்புறம் சாய்ந்திருந்தது, அவருடையதில் இடப்புறம். ஒரே ஊர், ஒரே மாலை. திருடனைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு.

"அவன் அப்படிப்பட்டவன் இல்லை," என்றாள் மனைவி.

"அப்போ வால் ஏன் அந்தப் பக்கம்? உன் தம்பியைச் சொல்லச் சொல்லு."

இரண்டு படங்களையும் சேர்த்துக் குழுவில் போட்டு, அவருடையது இணையத்தில் சுட்டது என்று எழுதினேன்.

"நான் எடுத்ததுதான் அத்திம்பேர். வால் ஏன் அப்படின்னு எனக்குத் தெரியலை," என்று பதில் வந்தது. தெரியவில்லை என்றதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். சின்னவர்கள் விடுவார்களா? "மாமா, அடுத்தது செவ்வாய் கிரகமா? நெட் ஸ்பீடு போதுமா?"

அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்.

சில வாரம் கழித்து அரை நிலாவைப் படமெடுத்தேன். வானத்தில் அதன் வெளிச்சம் மேற்குப் பக்கம் இருந்தது. என் படத்தில் கிழக்கே, கடல் பக்கம். கழுத்து வலிக்காக, குனிந்து பார்க்க வசதியாக, டெலஸ்கோப்பின் முனையில், உள்ளே கண்ணாடி வைத்த ஒரு வளைந்த குழாய்த் துண்டை எப்போதும் மாட்டியே வைத்திருப்பேன். படமெடுக்கும்போதும் அதைக் கழற்றவில்லை. கண்ணாடி இடப்புறத்தை வலப்புறமாக்கியிருந்தது. அவரோ கேமராவை நேராகக் குழாயில் பொருத்தியிருக்கிறார்; அவர் படம்தான் சரி.

குழுவில் எல்லாவற்றையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். கோபாலபுரத்துக்கும் போனேன். காபி கொடுத்தார்.

"விடுங்கோ அத்திம்பேர், கண்ணாடி பண்ணின தப்பு."

"டெலஸ்கோப் எங்கே?"

"பரண்ல கிடக்கு."

இப்போது வீட்டுக்கு வருகிறார். போன தீபாவளிக்குப் பட்சணத் தட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். தட்டின் ஓரத்தில், தேதி தெரியும்படி, அன்றைய செய்தித்தாள். அதற்கு முன் கொலுப் படத்திலும் அப்படித்தான். எல்லோரும் சிரிக்கும் இமோஜி போட்டார்கள். வேடிக்கைக்குத்தான் வைக்கிறாரா என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவி அந்தப் படத்தைப் போனில் என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள்.