அலையும் கால் போர்வை

கமலாதேவிக்கு ஒரே கவலை: மகன் நிரோஜன் வீட்டை விட்டுப் போகிறானில்லை. வயது முப்பத்தாறு. அவர்கள் இருக்கும் டென்மார்க்கின் புரொண்பியில் டெனிஷ் பிள்ளைகள் பதினெட்டு வயதிலேயே பெட்டி கட்டிவிடுகிறார்கள். இவனோ வேலை, சோபா, தாயின் சோறு என்று இருந்தான். பேசிய நான்கு கலியாணங்களும் வந்த வழியே போயின. தான் கண்ணை மூடினால் இவன் பட்டினி கிடப்பான் என்று அவளுக்குப் பயம். ஆனால் "வெளியே போ" என்று எந்தத் தமிழ்த் தாய் வாய் திறந்து சொல்வாள்? சனம் காறித் துப்பாதா?

முதியோர் இல்ல வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நூலகத்துத் தையல் குழுவில் சேர்ந்தாள். துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை தைக்கும் குழு. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு கதை. குழுவை நடத்தும் கிர்ஸ்டன் ஒருநாள், விரல் விரித்த பாதம் போன்ற வடிவமொன்றைக் காட்டினாள்.

"இதன் பழைய பெயர் அலையும் கால். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு இதைப் போர்த்த மாட்டார்களாம். போர்த்தினால் பிள்ளை வீட்டில் தங்காதாம். பயத்தில் பெயரையே வான்கோழித் தடம் என்று மாற்றிவிட்டார்கள்."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். கமலாதேவி சிரிக்கவில்லை.

"கட்டில் அளவுக்கு எத்தனை துண்டு வேண்டும்?" என்று கேட்டாள்.

ஏழு மாதம் தைத்தாள். குளிர்காலம் முழுக்கப் போர்வை அவள் மடியில், முழங்காலை மூடிக் கிடந்தது. மாசியில் மகனுக்குப் போர்த்தினாள்.

"சோக்கா இருக்கம்மா," என்று அவன் திரும்பிப் படுத்தான். வைகாசி வந்தும் அசையவில்லை, கட்டையில போவான்!

அசைந்தது அவள்தான். குழுவோடு தூரத்து ரண்டர்ஸ் நகரத்தில் ஒரு போர்வைக் கண்காட்சிக்குப் போனாள். அங்கே பழைய சிநேகிதி கிளோறியாவைக் கண்டாள். தன் வீட்டுக்கு மேல் மாடியில் ஒரு சின்ன வீடு காலியென்று கிளோறியா சொன்னாள். ஆவணியில் கமலாதேவி பெட்டி கட்டினாள்.

"அப்ப நான்?" என்றான் நிரோஜன்.

"நீ இங்கயே இரு. அந்தப் போர்வையை மட்டும் விடாமல் போர்த்துப் படு."

விடைபெறப் போனபோது கிர்ஸ்டன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏழு மாதமும் அது யாருடைய காலை மூடிக் கிடந்தது?"

கமலாதேவி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

ரண்டர்ஸில் பழக்கத்தில் தினமும் இரண்டு பேருக்கு அரிசி போட்டு, மிச்சத்தைக் கொட்டினாள். ஐந்தாம் நாள், கொட்டும்போது அழுகை வந்தது. அழுதாள். ஆறாம் நாள் கதவு மணி அடித்தது. வாசலில் நிரோஜன், கையில் பெட்டி, கக்கத்தில் போர்வை.

"ரெண்டு கிழமை லீவு எடுத்திட்டன், அம்மா."

முப்பத்தாறு வருடத்தில் இன்றுதான் தானாக வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறான். போர்வை வேலை செய்துவிட்டது. எந்தப் பக்கம் அலைவது என்று அதில் தைக்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை.

"எருமை மாடு," என்றாள். "கால் முகத்தைக் கழுவிக்கொண்டு வா."

அன்று சோறு மிஞ்சவில்லை.