புஷ்பவதி நிறுத்தாமல் போனது

கந்தளாய்ப் பக்கம் பெரியப்பாவின் வயலுக்குச் சோறு கொண்டுபோன வழியில் மிதிவெடி வெடித்து வலது கால் போனபோது புஷ்பவதிக்கு வயது பத்தொன்பது. அதன் பிறகு எட்டு வருடம், அன்புவழிபுரத்து வீட்டில் கட்டிலும் தையல் மெஷினுமே அவளுக்கு உலகமாகிப்போனது. யாராவது இரக்கப்பட்டால் எரிச்சல் வரும், இரக்கப்படாவிட்டாலும் வரும்.

சமாதான ஒப்பந்தம் வந்து சோதனைச் சாவடிகள் கொஞ்சம் இளகியிருந்த 2003இல், ஒரு தொண்டு நிறுவனம் ஏழு சிறிய பாய்ப்படகுகளைத் திருகோணமலைத் துறைமுகத்தில் இறக்கியது. உடல் ஊனமுற்றவர்களுக்குப் படகோட்டப் பழக்கிப் பந்தயம் வைப்பார்களாம். வெல்கிறவர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாமாம். ஒருவர் மட்டும் தாழ உட்கார்ந்து ஓட்டும் படகு அது. ஒரு கையில் சுக்கான், மறு கையில் பாய்க்கயிறு. காலுக்கு அதில் வேலையே இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் புஷ்பவதி பெயர் கொடுத்தாள்.

தண்ணீரைக் கண்டாலே நடுங்கிய புஷ்பவதிக்குப் பயம் தெளியவைத்தவள் கிண்ணியாவைச் சேர்ந்த றுக்கியா. சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் சூம்பிப்போனவள்; மீன்பிடிக்காரரின் மகள்.

"அக்கா, பாயையே பாத்துக்கொண்டிருக்காதீங்க. தண்ணியப் பாருங்க. கறுத்துக்கொண்டு வருதெண்டா காத்து வருது. அது வந்து சேரமுந்திக் கயித்த இளக்கிருங்க."

பயிற்சி முடிந்தால் இருவரும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். யார் வென்றாலும் மற்றவள் வழியனுப்ப வரவேண்டும் என்பது பேச்சு.

பந்தயத்தன்று, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று காலையிலேயே எழும்பிவிட்டது. கடைசி மிதவையைச் சுற்றும்போது றுக்கியா முன்னுக்கு, புஷ்பவதி அடுத்தது. மற்றவர்கள் வெகுதூரம் பின்னால். அப்போது தண்ணீர் கறுத்தது. புஷ்பவதி கயிற்றை இளக்கினாள். றுக்கியாவோ முன்னணியை விட மனமில்லாமல் இழுத்துப் பிடித்தாள். அவளுடைய படகு சரிந்து கவிழ்ந்தது.

இருபது முழத் தூரத்தில் புஷ்பவதி அவளைக் கடந்தாள். படகின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு றுக்கியா மறு கையைத் தூக்கினாள். மீட்புப் படகு எங்கோ பின்னால் நின்றது. 'போகச் சொல்லித்தான் காட்டுறாள்' என்று புஷ்பவதியின் மனம் சொல்லிற்று. அப்படி இல்லை என்பதும் அதே மனதுக்குத் தெரிந்திருந்தது. அவள் சுக்கானைத் திருப்பவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கரையில் கைதட்டினார்கள்.

மற்றவர்கள் வந்து சேருமுன் மீட்புப் படகுதான் றுக்கியாவை எடுத்தது; அதற்கே பத்து நிமிடம் ஆயிற்று. அலையில் தொங்கித் தொங்கித் தோள்மூட்டு விலகியிருந்தது.

பந்தயப் பொறுப்பாளர் கனகரத்தினம் ஒழுங்குக்காக ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, அவ கவிண்டதைக் கண்டனீங்களோ? கண்டால் நிண்டு உதவவேணும் எண்டது சட்டம்."

"இல்லை சேர். காணேல்லை."

தோளில் கட்டுடன் கிடந்த றுக்கியாவும், "பாய் மறைச்சிருக்கும் சேர்" என்றாள்.

அந்தச் சொல்தான் புஷ்பவதியைத் தின்றது. பரிசாகக் கிடைத்த வெள்ளிக் கிண்ணத்தைப் பார்க்க அயலவர்கள் வந்தால், அதை எடுத்துக் காட்டாமல் தேத்தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். பத்தாம் நாள் கனகரத்தினத்திடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் பட்டியலில் அவள் பெயரை வெட்டினார். இரண்டாவதாக வந்த ஆனந்தராசா வெளிநாடு போவதென்று முடிவாயிற்று.

மறுநாள், அக்கரைக்கு ஆளேற்றும் பாதைப் படகில் ஏறிக் கிண்ணியா போனாள். றுக்கியாவின் முன்னால் கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நீங்க கண்டது எனக்குத் தெரியும் அக்கா," என்றாள் றுக்கியா. "எண்ட கண்ணப் பாத்துத்தானே போனீங்க."

"பிறகேன் பாய் மறைச்சதெண்டு சொன்னாய்?"

"இந்தத் தோளோட எனக்கு இனிக் கயிறு இழுக்க ஏலாது. நான் பழக்கின ஆளாவது போகட்டும் எண்டு நினைச்சன். இப்ப உங்கட மனச ஆத்துறதுக்கு அதையும் துலைச்சிட்டு வந்திருக்கிறீங்க."

மன்னிப்புக் கேட்க வந்தவள், கேட்காமலே எழுந்தாள். றுக்கியா தடுக்கவும் இல்லை, வாசல்வரை பார்க்கவும் இல்லை.

ஆனாலும் அடுத்த மாதமும் போனாள், அதற்கடுத்த மாதமும். சில நாள் றுக்கியா கதைப்பாள். சில நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். 2006இல் சண்டை திரும்பியது. துறைமுகத்தில் பாய்ப்படகுகளுக்குத் தடை விழுந்தது. கிண்ணியாப் பயணமும் நின்றுபோனது.

அன்புவழிபுரத்தில் இன்னும் அவளை மெச்சுவார்கள். "கையில கிடைச்சதையே உண்மைக்காக விட்ட பிள்ளை" என்று வந்தவர்களுக்குத் தாய் சொல்லத் தொடங்கினால், புஷ்பவதி தையலை அப்படியே போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.