மாத்திரைக்கும் சேர்த்து எடுத்த உபவாசம்

இத்தனை நாள் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன், இன்று உங்கள் முன் நிற்கிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. லாரியில் கிளீனராகச் சுற்றிய காலத்தில் வந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எந்த ஊரிலும் ஒரு வருடம் தங்கியதில்லை. ஆரணிக்கு வந்து பாவு பிணைக்கக் கற்றேன். தறியில் தீரப்போகும் பாவோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. வீடு வீடாகப் போகலாம் என்பதால் பிடித்தது.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் உபவாசம் எடுத்தேன். சோற்றோடு எச்.ஐ.வி. மாத்திரையையும் விட்டேன். அதை விழுங்கினால் விசுவாசம் குறைவு என்று நானாக நினைத்துக்கொண்டேன். லெந்து முடிந்தும் தொடவில்லை.

ஆடியில், பக்கத்துச் சேவூரில் ஒரு வீட்டில் பிணைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடைத்தது. அந்த வீட்டு அம்மா பயந்துபோனார். "இன்னாங்க இப்படி வேர்க்குது? ஜல்தியா ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்தில் அடைப்பு இல்லை என்றார்கள். ஆனால் அங்கே எங்களைப் போன்றவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதற்கு முன்பே ஒருமுறை ரத்தம் கொடுத்திருந்தேன். மறுபடியும் எடுத்தார்கள். ரத்த அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு பொருள் அப்போதைவிட மிகவும் ஏறியிருந்தது.

"கிருமி ஏறினா ரத்தக்குழாய் புண்ணாவும்ங்க, அப்ப இது ஏறும்" என்றார் நர்ஸ் அக்கா. "இப்படியே வுட்டா இதயத்துக்கு ஆவாது. மாத்திரை போட்டுகினுதானே இருக்கீங்க?"

பிசிறு எழும்பிய பாவில் இழைகள் ஒட்டி அறுவதைப் பார்த்தவன் நான். அவர் சொன்னது புரிந்தது.

மாத்திரையை விட்டதைச் சொல்லாமலே வெளியே வந்து, பேருந்து நிலையத்தில் வந்தவாசி பஸ்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஏறி எங்காவது போய்விடலாம் என்றிருந்தது. "ஆண்டவரே, மாத்திரை போடட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லும்" என்று ஜெபித்தேன்.

பஸ் கிளம்புவதற்குள் நம் போதகர் ஸ்கூட்டரை என் முன் நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், உபவாசம் சோத்துக்குத்தான்யா. மாத்திரையை எவன் பட்டினி போடச் சொன்னான்? நானே சுகர் மாத்திரை முழுங்கிட்டுத்தான் பிரசங்கத்துக்கு வரேன்."

சிரித்தேன். பிறகு அழுதேன். நான் கேட்ட வார்த்தை அதுதான்.

மறுநாளே மாத்திரை கொடுக்கும் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் உண்மையைச் சொல்லி மாத்திரையைத் தொடங்கினேன். போன மாதப் பரிசோதனையில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அந்த ஒட்டும் பொருளும் இறங்கியிருக்கிறது, முழுதாக இல்லை. "இன்னும் எறங்கணும். வந்துகினே இருங்க" என்றார் நர்ஸ் அக்கா. ஓர் இடத்துக்கு வந்துகொண்டே இருப்பது எனக்குப் புதிது. அதையும் தேவன் பழக்குகிறார். அவருக்கு நன்றி.

உங்களில் யாராவது மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சேர்ந்து ஜெபிப்போம். காலையில் மையத்துக்கும் நான் கூட வருகிறேன்.