அமாவாசைப் பருப்பு

பக்கலோரெயா என்ற பிரெஞ்சுப் பள்ளியிறுதித் தேர்வு எழுதும் ஆண்டில் எங்களுக்குத் தத்துவப் பாடம். விஞ்ஞானம் ஒன்றை எப்படி உண்மையென்று ஏற்கிறது என்பது அதில் ஒரு பகுதி. முப்பதுகளின் புதுச்சேரியில் அந்த வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். அதில் எனக்கொரு சங்கடமும் இல்லை. முதல் பெஞ்சு கேட்காமலே கிடைத்தது.

பிரான்சிலிருந்து வந்திருந்த தத்துவ ஆசிரியரை முசியே என்றுதான் அழைப்போம்; அவர் முதல் வாரமே எங்களை மடக்கினார். எதையாவது உறுதியாகச் சொல்லுங்கள், பிறகு என்ன நடந்தால் அது தவறென்று ஒத்துக்கொள்வீர்கள் என்றும் சொல்லுங்கள் என்றார். முதல் பாதியை எல்லோரும் சொன்னோம். இரண்டாம் பாதிக்கு வந்ததும் முதல் பாதியையே மறுபடி சொன்னோம்.

எனக்கு வீட்டிலேயே ஒரு வழக்கு இருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, கணவர் இறந்தபின் எங்களோடு இருந்தார். சமையல்கட்டு அவர் ராஜ்யம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையைத் தவறவிடாதவர், அமாவாசையன்று மட்டும் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு போட மாட்டார். அன்றைக்குக் கடல் பொங்கிக் கிணற்றில் உப்பு ஏறிவிடும், பருப்பு வேகாது என்பார். தெருக் குழாயிலிருந்து குடம் சுமப்பது நான்.

ஆகவே ஓர் அமாவாசைத் தண்ணீரையும் அடுத்த வாரத்துத் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் அடைத்து வைத்தேன். எது எதுவென்று சொல்லாமல் அத்தையைக் குடித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் மாற்றிச் சொன்னார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அத்தை அசரவில்லை.

“பாட்டில்ல அடைச்சு வெச்சா எந்தத் தண்ணியும் செத்துடும் பாப்பா.”

மறுநாள் இதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். முசியே சிரிக்கவில்லை. பாட்டில் தண்ணீரை மாற்றாது என்பதற்கு உன்னிடம் என்ன ஆதாரம் என்று என்னைக் கேட்டார். ஆதாரம் இல்லாவிட்டாலும் முதல் வாரம் அவர் கேட்ட கேள்வி என்னிடம் இருந்தது. வீட்டுக்குப் போய் அதையே அத்தையிடம் கேட்டேன்.

“என்ன நடந்தா நீங்க சொல்றது தப்புன்னு ஒத்துக்குவீங்க, அத்தை?”

அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“அமாவாசைல அந்தத் தண்ணில பருப்பு வெந்துடுச்சுன்னா, தப்புதான்.”

எங்கள் வகுப்பில் யாருக்கும் வராத இரண்டாம் பாதி அது.

அடுத்த அமாவாசையன்று அவரே கிணற்றில் இறைத்தார். என் கை படக்கூடாது என்று சொல்லிவிட்டார். எப்போதும் போடும் துவரம்பருப்பு, எப்போதும் வைக்கும் பானை. அம்மாவும் நானும் வாசற்படியில் நின்று பார்த்தோம். நுரை அடங்கியதும் அத்தை ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினார். பிறகு இன்னொன்றை. “வெந்துடுச்சு. நான் சொன்னது தப்பு,” என்றார், பருப்பில் மஞ்சளைப் போட்டபடி. முகத்தில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் கொண்டாடத் தோன்றவில்லை; அவரைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

வாய்மொழித் தேர்வில் கருதுகோள் பற்றிக் கேட்டார்கள். பாடத்தில் படித்த கலிலியோவை விட்டுவிட்டு அத்தையைச் சொன்னேன். அப்படியானால் அமாவாசையன்று கிணற்றில் உப்பு ஏறுவதில்லை என்று நிரூபித்துவிட்டீர்களா என்று தேர்வாளர் கேட்டார். இல்லை, ஏறினாலும் ஏறலாம், பருப்பு வேகாது என்பது மட்டுமே உடைந்தது, உப்புக்கு வேறு சோதனை வேண்டும் என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். வெளியே வரும்போதே தேறிவிட்டேன் என்று எனக்குத் தெரியும். தேறியும் இருந்தேன்.

அத்தை அதன்பின் எல்லா நாளும் கிணற்றுத் தண்ணீரில்தான் சமைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நம்பவில்லை. அது ஏதோ ஒரு மாதம் தப்பி வெந்திருக்கும் என்றார்கள். அத்தை அவர்களோடு வாதாடவில்லை. வரும் அமாவாசைக்கு அவரவர் வீட்டுப் பருப்பை எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனார்.